தாளின் நடுவே ஒரு கோடு

அனைத்துலக உறவுகள் துறையில் ஆய்வேடு எழுதும் அக்காள் மகள், பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடை மேசையில் ஒரு கட்டுக் கட்டுரைகளை வைத்துவிட்டு, "மாமா, இத்துறை வளர்ந்திருக்கிறதா, இல்லையா?" என்றாள்.

கட்டுரைகளை எண்ணி அதை அளக்க முடியாது. தத்துவ அறிஞர் இம்ரே லக்கடோஸின் சோதனை கைகொடுக்கும். தாளின் நடுவே கோடு போடுங்கள். கோட்பாட்டில் செய்த திருத்தம் புதிய உண்மை எதையாவது முன்கூட்டிச் சொன்னால் அது வளர்ச்சி, இடப்பக்கம். பழைய ஓட்டையை அடைக்க மட்டும் வந்திருந்தால் அது தேய்வு, வலப்பக்கம்.

அதிகாரச் சமநிலைக் கோட்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிய நாட்டுக்கு எதிராக மற்றவை அணிசேர வேண்டும் என்கிறது அது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னும் அமெரிக்காவுக்கு எதிராக அப்படியொரு இராணுவக் கூட்டணி திரளவில்லை. 2003 ஈராக் போரை ஒட்டி 'மென்சமநிலை' என்ற கருத்து பரவியது. ஆயுதம் இல்லாமல், ராஜதந்திரம் போன்ற வழிகளாலேயே வலிய நாட்டைத் தடுப்பதாம்! எது மென்சமநிலை ஆகாது என்று சொல்லாத கட்டுரையை நான் தயங்காமல் வலப்பக்கம் தள்ளுவேன்.

எல்லாரும் ஒப்பமாட்டார்கள். 1997இல் ஜான் வாஸ்குவெஸ் என்ற அரசியல் அறிஞர், நாடுகளை இயக்குவது அதிகாரப் போட்டியே என்னும் யதார்த்தவாதம் இதே அளவுகோலால் தேய்கிறது என்றார். யதார்த்தவாத அறிஞர்கள் கென்னத் வால்ட்ஸும் ஸ்டீபன் வால்ட்டும் மறுத்தார்கள்.

தே தாரிக் ஆறுவதற்குள் அவள் தாளில் வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் இரண்டு.