மதுரையிலிருந்து கித்தோ பழைய நகரம்: எப்படிச் சுற்றுவது?

எக்குவடோர் தலைநகர் கித்தோவின் பழைய நகரம், 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் பாரம்பரியப் பட்டியலிலேயே இருக்கிறது. பார்க்க ஒரு முழு நாள் போதும். ஆனால் இறங்கிய அன்றே வேண்டாம். ஊர் 2,850 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலே ஏறக்குறைய 2,100தான். மதுரைச் சமதளத்தில் பழகிய உடம்புக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர், அரை வயிற்றுச் சாப்பாடு. மது கூடாது.

மறுநாள் காலையிலேயே கிளம்புங்கள்; மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். மெட்ரோவில் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் இறங்கினால் வெளியே அதே பெயருள்ள சதுக்கம். பக்கத்திலேயே லா கொம்பனியா தேவாலயம்: 1605-இல் தொடங்கி 1765-இல் முடித்தது, உள்ளே எங்கும் தங்கத் தகடு. அடுத்து பிளாசா கிராண்டே என்னும் பெரிய சதுக்கம். அங்கிருந்து மேட்டில் ஏறினால் பசிலிக்கா என்னும் பெரிய தேவாலயம். புதுமண்டபத்து யாளிகளை ரசித்தவர்கள் இதை விடக்கூடாது: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை ஆமை, இகுவானா போன்ற அந்நாட்டு விலங்குகள். கோபுர ஏணி செங்குத்து. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

பனெசில்லோ குன்றுக்கு நடக்காதீர்கள், வழிப்பறி பயம் உண்டு. டாக்சியில் போய், அதையே காத்திருக்கச் சொல்லித் திரும்புங்கள்.

செலவு அமெரிக்க டாலரில். 50, 100 டாலர் தாள்களைச் சிறு கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். 1, 5, 10 வைத்திருங்கள்.

பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.