மிஞ்சினால் சிறுநீரில் போய்விடுமா? மல்டிவைட்டமின் வாங்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் ஒருவர் எங்கள் மருந்துக் கடை கவுண்டரில் மூன்று மாத்திரை அட்டைகளை வைத்து, "இதெல்லாம் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். டி.ஃபார்ம் முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், "தாராளமா சாப்பிடலாம் சார். வைட்டமின்தானே, மிஞ்சினா யூரின்ல போயிடும்" என்றாள். உள்ளே ஸ்டாக் அடுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இதே கவுண்டரில் நின்று இதே வசனத்தைப் பத்து வருஷம் ஒப்பித்தவன் நான்.

காலாவதித் தேதி பாருங்கள், ஈரம் படாமல் வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பி6-ஐக் கூட்டிப் பார்க்காதது

கால் மரத்துப்போனால் "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம். அதில் பி12-உடன் பெரும்பாலும் பைரிடாக்ஸினும் இருக்கும். பைரிடாக்ஸின் என்றால் பி6. சத்து மாத்திரையிலும் அது உண்டு, பி காம்ப்ளக்ஸிலும் உண்டு.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு ஐயா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை உண்டு, பாதத்தில் எரிச்சல். டாக்டர் எழுதிய கேப்ஸ்யூலில் பி6 வெறும் 3 மி.கி. அது கேட்கவில்லை என்று அவர் குறைப்பட்டதும், 100 மி.கி. பைரிடாக்ஸின் மாத்திரையைத் தனியாக எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். அப்புறம் அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய பி காம்ப்ளக்ஸ் டப்பாவைக் கொண்டுவந்தார். "இது நல்லதா தம்பி?" லேபிளில் பி6-க்கு நேரே 100 மி.கி., 5,882% என்று இருந்தது. ஒரு நாள் தேவையைப் போல ஏறக்குறைய 59 மடங்கு. எனக்கு அது எச்சரிக்கையாகத் தெரியவில்லை. "ஸ்ட்ராங்கான ஐட்டம் ஐயா" என்றேன்.

எட்டு மாதம் கழித்து வந்தார். "செருப்பு கழன்றதே தெரியாம தெருமுனை வரைக்கும் நடந்துட்டேன் தம்பி." சர்க்கரைதான் ஏறியிருக்கும் என்று நினைத்து இன்னொரு அட்டை விற்றேன். கடைசியில் நரம்பு டாக்டர் ஒருவர், வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, மருந்துச் சீட்டின் பின்னால் கூட்டிப் போட்டார்: 3 + 100 + 100. அந்தச் சீட்டை ஐயா என்னிடம் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பி6 அளவு மீறினால் உணர்வு நரம்புகளைப் பாதிக்கும். காலில் பலம் இருக்கும், தரை தெரியாது. 1983-லேயே அமெரிக்காவில் 7 பேருக்கு இப்படி ஆனதை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அவர்கள் தினம் 2 முதல் 6 கிராம் எடுத்தவர்கள். அதைவிட மிகக் குறைந்த அளவிலும் பாதிப்பு வருவது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் உச்ச வரம்பு இன்னும் நாளுக்கு 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதை 25-லிருந்து 12 மி.கி.க்கு இறக்கியது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்: மரத்துப்போவதற்கு என்று வாங்கும் மாத்திரையே மரத்துப்போக வைக்கிறது. மரத்தால் இன்னும் ரெண்டு அட்டை வாங்குகிறார்கள், நாமும் விற்கிறோம். நிறுத்தினாலும் உடனே சரியாகாது. சிலருக்கு மரத்துப்போவது இரண்டு மூன்று வாரம் கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும். முழுக்கத் திரும்பாமலும் போகலாம். ஐயாவுக்குக் கட்டைவிரல்களில் இன்னும் உணர்வு சரியாக வரவில்லை.

"யூரின் மஞ்சளாப் போகுதே, அதுல வெளியேறிடாதா?" அது பி2-வின் நிறம். பி6 உள்ளே என்ன செய்கிறது என்று அது சொல்லாது.

ஒன்று மட்டும்: காசநோய் மருந்தோடு தரும் பி6 காரணத்தோடு தருவது. அதை நிறுத்திவிடாதீர்கள்.

சாயத்துக்குப் பயந்து அளவை விடுவது

வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, "இதில் டைட்டானியம் டையாக்சைடு இருக்கா?" என்று கேட்பார்கள். மாத்திரைக்கு வெள்ளை நிறம் தரும் சாயம் அது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது உண்மை, கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டு வரி மேலே இருக்கும் மில்லிகிராமை யாரும் கேட்பதில்லை.

புகைப்பவருக்கு பீட்டா கரோட்டின்

வேண்டாம். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம்.

முடி மாத்திரையோடு ரத்தப் பரிசோதனை

முடிக்கென்று விற்கும், பயோட்டின் (பி7) அதிகம் உள்ள மாத்திரை, சில கருவிகளில் தைராய்டு முடிவைப் புரட்டிப்போடும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்குமுன் பரிசோதனைக் கூடத்தில் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது

சத்து மாத்திரையில் இருக்கும் இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. 4 மணி நேர இடைவெளி.

60,000 ஐ.யு. வைட்டமின் டி

டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் கவர் மேல் கிழமையை எழுதித்தான் கொடுக்கிறேன்.