மழைக்கு முன்னால் வீட்டை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீடு முழுவதையும் செல்போனில் வீடியோ எடுத்து, வெளியூர் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மொட்டை மாடி, ஓடு, சிமென்ட் ஷீட், காம்பவுண்டு சுவர் எல்லாம் வரட்டும். அப்புறம் உள்ளே வந்து பீரோ, பிரிட்ஜ். வாஷிங் மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் படிக்கிற மாதிரி கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள். ஏற்காட்டில் வீடு என்றால் சரிவில் கட்டிய தடுப்புச்சுவரை விட்டுவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதே சேதமான பிறகுதான். சுவர் விரிசல் பழசா புதுசா, நனைந்து போன டிவி எந்த மாடல் என்ற இழுபறியைத் தேதியோடு இருக்கும் வீடியோ பெரும்பாலும் முடித்துவிடும். போனே தண்ணீரில் போனாலும் இன்னொருவரிடம் நகல் இருக்கும்.

சேலத்துக்கு ஏது புயல் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடந்தது புதுச்சேரிப் பக்கம். மண் சரிந்தது ஏற்காடு மலைப்பாதையிலும்தான். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் புயல், வெள்ளத்தோடு நிலச்சரிவும் சேர்ந்தே இருக்கிறது.

பாலிசியே இல்லாதவருக்கு இந்த வீடியோவால் இன்சூரன்ஸ் பணம் வராது. வருஷக்கணக்காக ஊறிய ஓதத்துக்கும், மராமத்து பார்க்காமல் விட்ட கசிவுக்கும் பாலிசி இருந்தாலும் கிடைக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை விட்டுவிட்டு, சாமான்களை மட்டும் எடுத்தால் போதும். பொருள்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம். காருக்கும் பைக்குக்கும் வண்டி இன்சூரன்ஸ்தான்.