கழற்றி மாட்டும் கிளிப்: பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

பல்லையும் தாடையையும் சீராக்கப் போடும் கிளிப்பை வெந்நீரில் கழுவக்கூடாது, கழற்றினால் டப்பாவில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். எங்கள் பெங்களூரு அல்சூர் கிளினிக்குக்கு வரும் இளம் பல் டாக்டர்கள், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா முன்னால் விசாரணை

"தினமும் போடுறியா?" இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பக்கத்தில் அம்மா நிற்கும்போது பன்னிரண்டு வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? "போடுறேன் டாக்டர்." அப்படிச் சொன்ன ஒருவனை நம்பி, ட்வின் பிளாக் என்ற, கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் கிளிப்பின் ஸ்க்ரூவை வாரம் ஒருமுறை திருப்பச் சொல்லி அனுப்பினார் ஒரு ஜூனியர். கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.25 மி.மீ. கிளிப்பின் பிளாஸ்டிக் பிளேட் அகலமாகும். பல் நகராமல் பிளேட் மட்டும் அகலமானால் வாயில் உட்காராது. உட்காரவில்லை. அம்மா அங்கேயே திட்டினார், பையன் தலைகுனிந்து நின்றான்.

அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "எந்த நேரத்துலப்பா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். "கன்னடா பீரியட்ல சத்தமா படிக்கச் சொல்வாங்க டாக்டர். எல்லாரும் சிரிக்கிறாங்க." முதல் வாரமே இது தெரிந்திருந்தால், வீட்டில் தினமும் வாய்விட்டுப் படிக்கவைத்தே நாக்கைப் பழக்கியிருக்கலாம். புது பிளேட்டுக்கு ஆன செலவை விடுங்கள். இந்த மாதிரி கிளிப், உடம்பு வேகமாக வளரும் வயதில்தான் நன்றாக வேலை செய்யும். அந்த மாதங்கள் போனால் போனதுதான்.

போடுகிறானா என்பதை வாயும் பிளேட்டுமே காட்டும். தினமும் போடும் பிள்ளை கண்ணாடி பார்க்காமலே மாட்டும், மாட்டியபடியே தெளிவாகப் பேசும். பிளேட்டின் பளபளப்பு மங்கிக் கடித்த தடம் விழுந்திருக்கும். அண்ணத்தில் பிளேட்டின் விளிம்பு லேசாகப் பதிந்திருக்கும். மூன்று மாதமாகியும் புதுசாக மின்னினால் அது டப்பாவில் இருந்த பிளேட்.

பரீட்சை நேரத்தில் மாட்டி அனுப்புவது

தசரா லீவு தொடங்கும்போது மாட்டுங்கள். எச்சில் ஊறுவதும் பேச்சுக் குழறுவதும் பள்ளி திறப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"சாப்பிடும்போது கழற்றிக்கோ"

1977-ல் ட்வின் பிளாக்கை உருவாக்கிய ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கிளார்க், சாப்பிடும்போதும் போட்டிருக்கும்படியே அதை வடிவமைத்தார். பள்ளியில் கழற்றினால் பிள்ளைகள் டிஷ்யூவில் சுற்றிவைப்பார்கள். டிஷ்யூ குப்பைக்குப் போய்விடும்.

குத்தும் கம்பி

கம்பி குத்துகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே வரச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மட்டும் வேண்டிய கிளிப்

பிள்ளைக்கே விருப்பமில்லையென்றால் அன்று அளவு எடுக்காதீர்கள். பிள்ளையிடம் பேசிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.