விருந்துக்குப் போகும்போது கறியை நீங்களே கொண்டு போங்கள்

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா நகரின் கிழக்குப் புறநகரில் வீடு பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் அக்கம்பக்கத்தில் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். 1652இல் கேப் முனைப் பக்கம் வந்திறங்கிய டச்சுக்காரர்களின் பேச்சு, பலரோடும் கலந்து உருமாறி, 1925இல் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. டர்பனில் இருக்கும் நம்மவர்களிடம் யோசனை கேட்டுப் பயனில்லை. அவர்கள் புழங்குவது ஆங்கிலமும் ஜூலுவும். ஆகவே நான் சொல்கிறேன்.

முதலில் முறை வைத்துக் கூப்பிடப் பழகுங்கள். வயதில் மூத்த ஆண் 'ஊஅம்', பெண் 'தன்னி'. நம் மாமாவும் அத்தையும்தான். முன்பின் தெரியாத கடைக்காரக் கிழவரும் ஊஅம்தான். மரியாதை காட்டும் விதம்கூட நமக்குப் பழக்கமானதே: எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே "ஊஅமுக்குக் காபி வேண்டுமா?" என்று படர்க்கையில் கேட்பார்கள். பெரியவரை 'நீ' என்று சொல்லும் பிள்ளைக்கு வளர்ப்புச் சரியில்லை என்று பெயர். ஆனால் உங்கள் வயதுப் பெண்ணைத் 'தன்னி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். முகம் சுருங்கிவிடும். 'ஆன்ட்டி' என்று கூப்பிடப்பட்ட எவருக்கும் இது புரியும்.

அடுத்தது நேரம். ஆங்கிலத்தில் பேசினாலும் இங்கே 'இப்போது' மூன்று வகை. 'நவ்' என்றால் கொஞ்ச நேரத்தில். 'நவ் நவ்' என்றால் சீக்கிரமே, அநேகமாக. 'ஜஸ்ட் நவ்' என்றால் அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. குழாய் பழுதுபார்ப்பவர் "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்று போனை வைத்தால், பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் பாத்திரத்தைத் துலக்கி முடியுங்கள். இதற்கு இணையான ஆஃப்ரிகான்ஸ் சொல் 'சற்று முன்பு' என்றும் பொருள்படும். ஆள் வந்துவிட்டுப் போய்விட்டாரா, இனிமேல்தான் வருவாரா என்பதை மற்ற சொற்களை வைத்து ஊகிக்க வேண்டும். மணி கேளுங்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி 'பிராய்'. விறகு மூட்டிக் கறி சுடுவது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். பாதி நாடு அதை பிராய் தினம் என்றே சொல்கிறது. அழைப்பில் 'பிரிங் அண்ட் பிராய்' என்றிருந்தால் உங்கள் கறியையும் குடிக்க வேண்டியதையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். விருந்துக்கு அழைத்துவிட்டுக் கறியைக் கொண்டுவரச் சொல்வதா என்று உங்கள் மாமியார் கேட்பார். கேட்கட்டும். வீட்டுக்காரர் தருவது நெருப்பு, சாலட், மக்காச்சோள மாவில் கிண்டிய 'பாப்', உட்கார இடம்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு தோசையாவது சாப்பிட்டுவிடுங்கள். விருந்தாளிகள் வந்த பிறகுதான் விறகையே பற்றவைப்பார்கள். தணல் விழும் வரை பேச்சுதான். அடுப்பருகே ஆண்கள் வட்டமாக நிற்பார்கள். இடுக்கி ஒருவர் கையில்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள், "கொஞ்சம் கருகுகிறதே" என்று சொல்லவும் சொல்லாதீர்கள். கேஸ் அடுப்பில் சுட்டால் என்ன என்று கேட்டவரை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சைவக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "சைவம்" என்றால் சிலர் கோழியை நீட்டுவார்கள். அன்போடுதான். மக்காச்சோளக் கதிர், தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு, கம்பியில் கோத்த பன்னீர் எடுத்துக்கொண்டு, கம்பி வலையில் ஒரு மூலையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீஸ், தக்காளி, வெங்காயம், சட்னி வைத்துத் தணலில் சுடும் ரொட்டி கடைசியில் வரும், அதற்காகவே காத்திருக்கலாம். 'புருவோர்ஸ்' என்ற நீளமான தொத்திறைச்சியில் வறுத்த கொத்தமல்லி வாசனை வரும். நம் வீட்டுச் சமையல்போல் இருக்கிறதே என்று வாயில் வைத்துவிடாதீர்கள். சட்டப்படி அதில் 90 சதவீதமாவது இறைச்சி இருக்க வேண்டும். பெரும்பாலும் மாடு, பல நேரம் பன்றியும் சேர்ந்திருக்கும்.

மொழியைக் கற்க நினைத்தால் பயப்பட வேண்டாம். நான், நீ, அவர் எல்லாருக்கும் வினைச்சொல் ஒன்றே, விகுதி மாறுவதில்லை. 'இல்லை'யை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். "எக் ஃபர்ஸ்தான் நி ஆஃப்ரிகான்ஸ் நி" என்றால் எனக்கு ஆஃப்ரிகான்ஸ் புரியாது. இதைப் பிழையில்லாமல் சொன்னால் ஒரு தொல்லை உண்டு: எதிரில் இருப்பவர் மகிழ்ந்துபோய் ஆஃப்ரிகான்ஸிலேயே வேகமாகத் தொடர்வார்.

சில்லறை விஷயங்கள். "அடுத்த ரோபோவில் திரும்பு" என்றால் போக்குவரத்து விளக்கு. பேரங்காடியில் வெறுங்காலோடு நடக்கும் ஆளைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள். வெளியே நிற்கும் பெரிய வண்டி அவருடையதாக இருக்கும். உங்கள் குழந்தையைப் பார்த்து "அஹ், ஷேம்!" என்றால் கொஞ்சுகிறார்கள். உங்கள் கால் சுளுக்கினாலும் அதையேதான் சொல்வார்கள்.

கணவரை 'ஏன்னா' என்று கூப்பிடும் வழக்கமுள்ளவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. நாம் 'ஐயோ' என்று கத்துமிடத்தில் இவர்கள் 'ஏய்னா' என்பார்கள். எங்கள் குடியிருப்பில் கும்பகோணத்து மாமி ஒருவர், தோட்டத்தில் இருந்த கணவரை மாடியிலிருந்து உரக்கக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு ஊஅம் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். மாமி அவரை உட்காரவைத்து ஃபில்டர் காபி கொடுத்தார். இப்போதெல்லாம் 'ஏன்னா' காதில் விழாத நாளிலும் ரஸ்க் பொட்டலத்தோடு வந்துவிடுகிறார்.