தொட்டியில் எழுத்தாணிப்பூண்டு வளர்ப்பது எப்படி?

கடற்கரை மணலில் வளரும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் தெரிந்தவர்கள்கூட, அவற்றுக்கு நடுவே படர்ந்து கிடக்கும் எழுத்தாணிப்பூண்டை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி இது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடலோர மணலெங்கும் வளர்கிறது. மணலும் வெயிலும் இருந்தால் போதும் என்பதால், மொட்டை மாடிக்கு ஏற்றது.

படி 1: அடையாளம் காணுங்கள்

பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பூச்செடிகள் கடற்கரையில் வேறும் உண்டு. மணல்மேல் ஓடும் மெல்லிய தண்டைப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கே இலைகள் வட்டமாகப் படிந்திருக்கும். இலையோரம் நெளிநெளியாக வெட்டுப்பட்டிருக்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் அது வராது. அடம்பிலும் பால் உண்டுதான், ஆனால் ஆட்டுக்குளம்பு போன்ற அதன் இலையைப் பார்த்தவருக்குக் குழப்பமே வராது.

பூ ஒன்றைக் கண்ணருகே பிடியுங்கள். இதழ் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதன் நுனியில் 5 குட்டிப் பற்கள் தெரியும். முற்றினால் விதைகள் வெள்ளைப் பஞ்சு முடியோடு காற்றில் பறக்கும்.

படி 2: கன்று எடுங்கள்

தாய்ச்செடியைப் பிடுங்க வேண்டாம். அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், பாதியில் அறுந்துவிடும். கரை மணலைப் பிடித்து வைப்பதும் இந்தச் செடிகள்தான். கொடி நுனிப்பக்கம் வேர்விட்ட இளங்கன்று ஒன்று போதும். இருபுறமும் தண்டை வெட்டி, மணலோடு அள்ளி ஈரத்துணியில் சுற்றுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் கை வைக்கவே கூடாது.

படி 3: நடுங்கள்

அகலமும் ஆழமும் உள்ள தொட்டி. மூன்று பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மட்கிய உரம். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். செடி உப்பைத் தாங்கும், பக்கத்துத் தொட்டிகள் தாங்கா. வேர் பிடிக்கும்வரை நிழல், பிறகு முழு வெயில். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இந்தச் செடி சாவது பெரும்பாலும் நம் அன்பு மிகுதியால்தான்.

படி 4: பெருக்குங்கள்

கொடி தொட்டியைத் தாண்டினால் வெட்டாமல், பக்கத்தில் மணல் தொட்டி ஒன்றை வைத்து, கணுவை வளைந்த கம்பியால் மண்ணோடு அழுத்துங்கள். வேர்விட்டதும் பிரித்துவிடலாம்.

மாலத்தீவில் இதன் இளந்தழையை நறுக்கி, சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள். செய்து பார்க்க ஆசையிருந்தால், கரையில் பறித்ததை விட்டுவிட்டு உங்கள் தொட்டியில் தழைத்ததையே எடுங்கள்.