சரவுண்ட் ப்ராசஸர் வாங்குவது எப்படி: முதலில் டேப், அப்புறம்தான் விலைப்பட்டியல்

"பட்ஜெட் இவ்வளவு, எந்த ப்ராசஸர் வாங்கலாம்?" என்று நண்பர்கள் போன் செய்யும்போது நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறதா?" என்பதுதான். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. விலையில் பல லட்சம் வித்தியாசப்படும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் முடிவெடுக்க வந்தவரிடம் சோபாவைப் பற்றி விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதில் தெரியாமல் எந்தப் பெட்டியையும் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏவி ரிசீவர் இரண்டு வேலை செய்கிறது. டால்பி, டிடிஎஸ் போன்ற வடிவங்களில் வரும் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பங்கு போடுவது ஒன்று. அந்த ஸ்பீக்கர்களை ஓட்டும் சக்தியைக் கொடுப்பது இன்னொன்று. ப்ராசஸர் முதல் வேலையை மட்டும் செய்யும். சக்திக்குத் தனியாக பவர் ஆம்ப் வாங்க வேண்டும். ஆக, ப்ராசஸர் விலையோடு ஆம்ப் விலையையும் கேபிள் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

படி 1: உண்மையிலேயே ப்ராசஸர் வேண்டுமா?

அறை 12க்கு 10 அடி, ஸ்பீக்கர் ஐந்தோ ஏழோ என்றால் நல்ல ரிசீவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் இரண்டாவது சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டி, சுருக்கமாக சப்) வாங்கினால் பலன் அதிகம். ஸ்பீக்கர் எண்ணிக்கை பதினொன்றைத் தாண்டும்போதும், ஓட்டுவதற்குக் கடினமான 4 ஓம் ஸ்பீக்கர்கள் இருக்கும்போதும், மூன்று நான்கு சப்களைத் தனித்தனியாக ஆள வேண்டியிருக்கும்போதும்தான் ப்ராசஸருக்கு அர்த்தம் வருகிறது. இன்னொரு நியாயமும் உண்டு. நல்ல பவர் ஆம்ப் இருபது வருடம் உழைக்கும். எச்டிஎம்ஐயும் ஒலி வடிவங்களும் அதற்குள் நான்கு முறை மாறிவிடும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் பழசாகிப்போனதை மட்டும் மாற்றலாம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்கு ஒலியைக் கொடுக்கும் துளைகள்) உள்ள ரிசீவரை வாங்கி, முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் வெளி ஆம்ப் போடுவது. முதல் முறை வாங்குபவர்களுக்கு இதைத்தான் நான் அதிகம் சொல்கிறேன்.

படி 2: டேப்பை எடுங்கள்

ஒரு தாளில் அறையை வரைந்து சோபாவைக் குறியுங்கள். 7.1.4 என்று எழுதியிருந்தால் காது மட்டத்தில் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப், கூரையில் நான்கு என்று பொருள். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்த பிறகு சேர்ந்தது அந்த மூன்றாவது எண்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் 3.5 அடியில் இருக்கும். கூரை 10 அடி என்றால் இடைவெளி 6.5 அடி. கூரை ஸ்பீக்கர் காதிலிருந்து மேல்நோக்கி ஏறக்குறைய 45 பாகையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அப்படியானால் அது உங்களுக்கு முன்னால் 6.5 அடியில் ஒரு ஜோடி, பின்னால் 6.5 அடியில் ஒரு ஜோடி. சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் பின் ஜோடியை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டிலா? காது மட்டத்துப் பின் ஸ்பீக்கர்களுக்கும் இதே கதிதான். நேர் முன்பக்கத்தை 0 என்று வைத்தால் அவை 135 முதல் 150 பாகைக்குள் வர வேண்டும். அதற்கு முதுகுக்குப் பின்னால் மூன்று நான்கு அடியாவது வேண்டும்.

சோபாவை நகர்த்த முடியாது என்றால் 5.1.2தான் உங்கள் அமைப்பு. அதற்குப் பதினாறு சேனல் ப்ராசஸர் வாங்குவது, இருவர் வசிக்கும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போல.

படி 3: 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது?

200க்குக் கீழே என்றால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி. இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன். காரணம், உயர்ரக ப்ராசஸருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் வேலை செய்கிறது. விளம்பரத்தில் முதலில் வரும் டாக் சிப்பின் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்) பெயர் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இன்றைய சிப்களின் குறையைக் காதால் பிடிப்பது கடினம். அறையின் குறையைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

565 என்ற எண்ணை அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்துப் பாருங்கள். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. இந்த அதிர்வெண்களிலும் இவற்றின் மடங்குகளிலும் ஒலி அலை சுவருக்குச் சுவர் மோதி நின்றுகொள்ளும். சுவர் அருகே அது வீங்கும். மடங்குகளை விட்டுவிட்டு முதல் அதிர்வெண்ணை மட்டும் பார்த்தால், அறையின் நட்ட நடுவில் அது ஏறக்குறைய காணாமலே போகும். பின்சுவரை ஒட்டிய சோபாவில் தவில் 'தொம்' என்று இழுத்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். தவில்காரர் பாவம்.

நம் ஊர் வீடுகளில் இது இன்னும் மோசம். அமெரிக்க வீடுகளின் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை அதுவே விழுங்கி வெளியே விட்டுவிடும். நம்முடையது செங்கல், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை. உள்ளே போனது உள்ளேயே சுற்றும். அங்கிருந்து வரும் விமர்சனத்தில் "பாஸ் பிரமாதம்" என்று இருப்பதை நம் அறைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ப்ராசஸரின் அறைத் திருத்த மென்பொருள் இங்கேதான் கைகொடுக்கிறது. மைக்கை வைத்து அளந்து, வீங்கியதைக் குறைத்து, ஸ்பீக்கர்களின் நேரத்தை ஒன்றோடொன்று இணைக்கும். பெட்டிக்குப் பெட்டி மென்பொருள் வேறு. மராண்ட்ஸில் ஆடிஸ்ஸி. மராண்ட்ஸின் ஏவி10 போன்ற உயர் மாடல்களில் தனிக்கட்டணம் செலுத்தி ஸ்வீடனின் டிராக் லைவ் மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளலாம். கனடாவின் ஆந்தமில் ஏஆர்சி ஜெனிசிஸ். டென்மார்க்கின் லிங்டார்ஃபில் ரூம்பெர்ஃபெக்ட். இது உட்காரும் இடத்தோடு அறையின் பல இடங்களையும் அளந்து, அறையின் குணத்தைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறது. பிரான்ஸின் ட்ரின்னோவ் நான்கு முனை கொண்ட மைக்கால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையே கண்டுபிடித்துவிடும். அதே நாட்டு ஸ்டார்ம்ஆடியோவில் டிராக்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, திருத்தம் முழு அலைவரிசைக்கா, பாதிக்கா? டிராக்கின் குறைந்த உரிமம் 500 ஹெர்ட்ஸ் வரைதான். சப்களையும் ஸ்பீக்கர்களையும் சேர்த்துத் திருத்தும் பாஸ் கன்ட்ரோலுக்குத் தனி உரிமம். விலைச்சீட்டில் இவை சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, திருத்தம் எந்த அதிர்வெண்ணோடு நிற்க வேண்டும் என்பதை நாமே வைக்க முடியுமா? நல்ல ஸ்பீக்கர் என்றால் நான் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் கை வைப்பதில்லை. குரலின் இயல்பு அங்கே இருக்கிறது. மூன்றாவது, பின்பக்கத்தில் நான்கு சப் துளைகள் இருந்தால் நான்கும் தனித்தனியா, ஒரே சிக்னலின் நகல்களா? நகல் என்றால் ஒவ்வொரு சப்புக்கும் தனித் தாமதம் வைக்க முடியாது. ஏவி10, ஆந்தம் ஏவிஎம் 90 இரண்டிலும் நான்கும் தனி. இதைக் கவனிக்காமல் ஒரு ரிசீவர் வாங்கி, இரண்டு சப்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை ஒரு வருடம் கேட்டவன் நான்.

மென்பொருளால் ஆகாத காரியமும் உண்டு. அலை ரத்தாகும் பள்ளத்தை நிரப்ப முடியாது. 10 டெசிபல் தூக்கினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். பள்ளம் அப்படியேதான் இருக்கும். அதற்கு மருந்து சோபாவை ஓர் அடி நகர்த்துவது, அல்லது இன்னொரு சப்.

படி 4: எதிலிருந்து பார்க்கிறீர்கள்?

ஓடிடி மட்டும் என்றால் அட்மாஸ் ஒலி டால்பி டிஜிட்டல் ப்ளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருகிறது. நெட்ஃபிளிக்ஸில் அதிகபட்சம் விநாடிக்கு 768 கிலோபிட். 4கே ப்ளூ-ரே வட்டில் இருக்கும் ட்ரூ எச்டி சுருக்கத்தில் எதையும் இழக்காதது, பல மடங்கு பெரியது. வட்டு வாங்கும் பழக்கம் இருந்தால் ப்ளேயரை நேராக ப்ராசஸரில் செருகுங்கள். டிவியின் செயலிகளிலிருந்து ஒலி எச்டிஎம்ஐ கேபிள் வழியே திரும்ப வர, இ-ஆர்க் என்ற வசதி இரு பக்கமும் வேண்டும். பல டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்துவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

8கே எழுத்துக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். கேம் கன்சோலை டிவியில் செருகி, ஒலியை இ-ஆர்க் வழியே அனுப்பினால் போதும்.

படி 5: பாட்டு

படத்துக்குச் சிறந்தது பாட்டுக்கு ஆகாது என்ற பேச்சில் முன்பு உண்மை இருந்தது. இப்போது அறைத் திருத்தம் உள்ள நல்ல ப்ராசஸர் இரண்டு ஸ்பீக்கர் பாட்டையும் அழகாகவே தருகிறது, சில விவரங்களைக் கவனித்தால்.

பல ப்ராசஸர்கள் திருத்தத்தை 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்) செய்கின்றன. உங்கள் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு உள்ளே போனதும் குறைக்கப்படும். 48 என்றாலே 24 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது, நம் காது 20ஐத் தாண்டாது. நான் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. ரெக்கார்ட் ப்ளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்று கேட்க வேண்டும்: அனலாக் உள்ளீட்டை டிஜிட்டலாக மாற்றாமல் அப்படியே விடும் வழி இருக்கிறதா? இருந்தால், அந்த வழியில் சப்பும் திருத்தமும் வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும். மாறி மாறிக் கேட்டுப் பாருங்கள். திருத்தத்தோடு கேட்பதைத்தான் பலர் விரும்புகிறார்கள். அது அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமிக்க முடிய வேண்டும். வெடிகுண்டுக்கு வைத்த பாஸ் அளவில் வீணைக் கச்சேரி கேட்க முடியாது. பழைய பாடல்களை எல்லா ஸ்பீக்கருக்கும் விரித்துக் கேட்கும் ஆசை இருந்தால் டால்பி சரவுண்ட், அவுரோ-3டியின் அவுரோமேட்டிக் இரண்டையும் ஒப்பிடுங்கள். பாட்டுக்கு என் ஓட்டு அவுரோமேட்டிக்குக்கு. எல்லாப் பெட்டியிலும் அது கிடைக்காது.

ஏற்கெனவே மனசுக்குப் பிடித்த ஸ்டீரியோ ஆம்ப் வீட்டில் இருக்கிறதா? அதில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (ஆம்பின் வால்யூமைத் தாண்டி ஒலியை நேரே விடும்) உள்ளீடு இருந்தால் ப்ராசஸரின் முன் சேனல்களை அதில் செருகுங்கள். பாட்டு கேட்கும்போது ப்ராசஸரை அணைத்தே வைக்கலாம்.

படி 6: பின்பக்கம்

ப்ராசஸரையும் ஆம்பையும் இணைக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பு நீண்ட கேபிளில் இரைச்சலைத் தடுக்கும். ஆம்ப் பக்கத்திலேயே இருந்தால் சாதாரண ஆர்சிஏ கேபிள் போதும். எதை வாங்கினாலும் வீட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சரிபார்த்துவிடுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் கேட்கும் முனகலுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

படி 7: கடையில்

உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாடல்களைக் கொண்டுபோங்கள். டெமோ ஹெலிகாப்டர் எந்தப் பெட்டியிலும் நன்றாகவே பறக்கும். இரண்டு ப்ராசஸரை ஒப்பிடும்போது சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது ஏமாறும். படத்தில் கிசுகிசுப்பான வசனம் புரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ரிமோட்டை வாங்கி, நீங்களே சப்பின் அளவை மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் வீட்டிலும் முடியாது.

பழுதானால் எங்கே போகும், எத்தனை வாரம் ஆகும் என்பதையும் கேளுங்கள். உயர்ரகப் பெட்டிக்கு உதிரிப் பலகை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கலாம். எச்டிஎம்ஐ பலகையை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா என்பது இன்னொரு நல்ல கேள்வி. ட்ரின்னோவ் உள்ளுக்குள் ஒரு கணினி என்பதால் மென்பொருளில் நிறைய வளர்கிறது. அந்த விலைக்கு அது ஒரு நியாயம்.

படி 8: முதல் இரவு

எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆளுயர டவரைச் 'சின்னது' என்று சொல்ல மனசு கேட்காதுதான். 80க்குக் கீழே சப் பார்த்துக்கொள்ளும் என்பது மட்டுமே அதன் பொருள். பாஸை சப்புக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து அனுப்பும் 'எல்எஃப்இ ப்ளஸ் மெயின்' என்ற தேர்வைத் தொடாதீர்கள். ஒரே பாஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழப்பும். வால்யூம் 0 என்பது திரையரங்கு அளவு: ஒரு சேனலில் உச்சம் 105 டெசிபல். வீட்டில் -18க்கு மேல் நான் போனதில்லை.

மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள், சோபாவின் மேல் வைக்க வேண்டாம். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் அளவெடுங்கள். நடுவில் யாராவது வீட்டு நாய் குரைத்தால் அந்த ஓர் அளவை மட்டும் திரும்ப எடுத்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.